ஆரஞ்சு கவுண்டியின் கருவூலம்: வரி, வட்டி, கடன் (1978–2017)

முன்னுரை

1994ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஆரஞ்சு கவுண்டி நிருவாகம் திவால் நீதிமன்றத்தில் மனுச் செய்தது. அதன் பொறுப்பிலிருந்த கூட்டு முதலீட்டு நிதியில் ஏறத்தாழ 1.6 பில்லியன் டாலர் கரைந்து போயிருந்தது. அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அதுவரை நேர்ந்த திவால்களுள் இதுவே மிகப் பெரியது. வறண்டுபோன தொழில்நகரம் ஒன்றுக்கு இந்நிலை வந்திருப்பின் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆரஞ்சு கவுண்டியோ நாட்டின் செல்வம் மிக்க வட்டாரங்களுள் ஒன்று. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 24 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். டிஸ்னிலேண்ட் பொழுதுபோக்குப் பூங்கா அமைந்துள்ளதும் அங்கேயே.

இந்நிகழ்வைப் பற்றிய பெரும்பாலான பதிவுகள் ஒரு தனி மனிதரின் கதையாகவே அதைச் சொல்கின்றன. இரண்டே மாதங்கள் கழித்து, 1995 பிப்ரவரியில், சிங்கப்பூர்க் கிளையில் நிகழ்ந்த வணிகத்தால் பேரிங்ஸ் வங்கி வீழ்ந்தபோதும் அவ்வாறே ஒருவர் பெயரே முன்னின்றது. இவ்வட்டார வாசகர்கள் அதனை மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஆரஞ்சு கவுண்டியைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதாது என்பது நம் கருத்து. பணிகள் குறையலாகாது, வரியும் உயரலாகாது என்று வாக்காளர் விதித்த நிலையில், அவர்களைக் கேட்காமலே பணம் திரட்டும் வழியொன்றை அக்கவுண்டி நாடியது. கருவூலர் அவ்வழியைத் திறந்து வைத்தார். அதன்வழி நடந்தவர் பலர். இதனை வரலாற்று முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கவுண்டி எனும் அமைப்பு

‘கவுண்டி’ என்பதை மாவட்டம் எனப் பெயர்ப்பது வழக்கம். அப்பெயர்ப்பு ஓரளவே பொருந்தும். நம் நாட்டு மாவட்ட அலுவலகம் மாநில அரசின் கிளை; அதன் அதிகாரியை மாநில அரசே அமர்த்துகிறது. கலிபோர்னியக் கவுண்டிக்கோ தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் கொண்ட மேற்பார்வையாளர் மன்றம் உண்டு. கருவூலரும் அங்கே மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறவே நீக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல்களைப் பற்றி இன்றும் விவாதிக்கும் மலேசிய வாசகர்க்கு இச்செய்தி சற்றே சிந்தனையைத் தூண்டக்கூடும்.

சிறைச்சாலை, பொது மருத்துவம், ஏழையர் நலன், நீதிமன்றங்களுக்கான செலவின் பெரும்பங்கு ஆகியன அன்று கவுண்டியின் தலையில் இருந்தன. இவற்றுள் பலவற்றை எவ்வளவு செய்யவேண்டும் என்பதை மாநில அரசும் கூட்டரசும் வரையறுத்தன. ஆகவே செலவைக் கவுண்டி தன் விருப்பப்படி குறைக்க இயலாது. வரவு எவ்வாறு என்பதே வினா.

வளர்ச்சியும் வரி மறுப்பும்

1889இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியிலிருந்து பிரிந்த நாள்தொட்டு இரண்டாம் உலகப் போர் வரையில் இப்பகுதி பெயருக்கேற்ற ஆரஞ்சுத் தோட்டங்களின் நாடாகவே இருந்தது. 1950இல் மக்கள்தொகை இரண்டு இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 1970இல் அது பதினான்கு இலட்சமாயிற்று. இருபதே ஆண்டுகளில் தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. புதுச் சாலை, புதுப் பள்ளி, புது வடிகால் என அனைத்தும் ஒருசேரத் தேவைப்பட்டன. வீட்டு விலையும் ஏறிக்கொண்டே சென்றது.

விலை ஏறினால் சொத்துவரியும் ஏறும். இவ்வரி நம் நகராண்மைக் கழகங்கள் தண்டும் மதிப்பீட்டு வரியை ஒத்தது; ஆனால் வீட்டின் சந்தை மதிப்பையே அடிப்படையாகக் கொண்டது. 1970களின் பணவீக்கத்தில் சம்பளத்தைக் காட்டிலும் வீட்டு மதிப்பு விரைந்து உயர்ந்தது. ஓய்வூதியத்தில் காலங்கழிக்கும் முதியவர் தம் வீட்டுக்கே வரி கட்ட இயலாது தவித்தனர். இத்துயர் உண்மையானது, அதனை வெறும் தன்னலம் என ஒதுக்குவது முறையன்று. ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் ஆகிய இருவரின் முயற்சியால் 1978 ஜூன் 6ஆம் நாள் வாக்கெடுப்புக்கு வந்த 13ஆம் முன்மொழிவு மூன்றில் இரு பங்கினரை நெருங்கும் ஆதரவோடு நிறைவேறிற்று. இதன்படி சொத்துவரி மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. வீடு கைமாறும் வரையில் அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரலாகாது. ஒரு குறிப்பிட்ட பணிக்கெனப் புதிய உள்ளூர் வரி விதிக்க வாக்காளருள் மூன்றில் இரு பங்கினர் ஒப்பவேண்டும்.

மாநிலமெங்கும் சொத்துவரி வருவாய் ஒரே வீச்சில் பாதிக்கும் கீழே சரிந்தது. மாநில அரசு தன் கையிருப்பிலிருந்து உள்ளாட்சிகளுக்கு உதவியது. அதன் விளைவாக எஞ்சிய சொத்துவரியை யார்க்கு எவ்வளவு பகிர்வது என்ற அதிகாரம் மாநிலத் தலைநகருக்குச் சென்றது. 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியா கடும் பொருளாதாரச் சரிவுக்கு உள்ளானபோது, மாநில அரசு தன் பற்றாக்குறையை ஈடுகட்டக் கவுண்டிகளின் சொத்துவரிப் பங்கில் ஒரு பகுதியை 1992இலும் 1993இலும் பள்ளிகளின்பால் திருப்பிவிட்டது. கவுண்டிகளின் பணி அப்படியே இருந்தது; பணம் போயிற்று.

வட்டியே வருவாயாதல்

இச்சூழலில்தான் ராபர்ட் சிட்ரன் எனும் கருவூலரின் புகழ் ஓங்கியது. 1970இல் முதன்முறை தேர்வு பெற்ற அவர், குடியரசுக் கட்சியின் கோட்டையான ஆரஞ்சு கவுண்டியில் ஜனநாயகக் கட்சிக்காரராய் இருந்துகொண்டே மீண்டும் மீண்டும் வென்றவர். கவுண்டி, அதன் நகரங்கள், பள்ளி வட்டாரங்கள், நீர்வாரியங்கள் என 190 அளவிலான பொது அமைப்புகள் அவர் பொறுப்பிலிருந்த கூட்டு நிதியில் பணம் இட்டிருந்தன. பள்ளி வட்டாரங்கள் சட்டப்படி கவுண்டிக் கருவூலத்திலேயே பணத்தை வைக்க வேண்டியிருந்தது. பிறர் தாமாகவே வந்தனர். மாநில அரசின் கூட்டு நிதி தருவதினும் கூடுதலான வட்டி இங்குக் கிடைத்ததே காரணம்.

அக்கூடுதல் எவ்வாறு கிடைத்தது என்பதை எளிய முறையில் விளக்கலாம். கருவூலர் ஐந்தாண்டு அளவிலான பாதுகாப்பான கடன்பத்திரங்களை வாங்குவார். அவற்றைத் தரகு நிறுவனங்களிடம் ஈடாக வைத்துக் குறுகிய காலக் கடன் பெறுவார். அப்பணத்தில் மேலும் பத்திரம் வாங்குவார். அதனையும் ஈடு வைப்பார். நகையை அடகு வைத்து வந்த பணத்தில் நகையே வாங்கி, அதனையும் அடகுக் கடைக்கே கொண்டுசெல்வதை ஒத்தது இது. இம்முறையைக் கருவூலர்கள் கையாள இசைவளிக்கும் சட்டத்திற்காக மாநிலத் தலைநகரில் வாதாடியவருள் சிட்ரனும் ஒருவர். 1994இல் 7.6 பில்லியன் டாலர் வைப்புத்தொகையின்மேல் 20.6 பில்லியன் டாலர் மதிப்புள்ள பத்திரங்கள் ஏற்றிவைக்கப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, சந்தை வட்டி ஏறினால் தம் வட்டி இறங்கும் தன்மையுள்ள சிறப்புப் பத்திரங்களும் அவற்றுள் கலந்திருந்தன. குறுகிய காலக் கடனுக்குச் செலுத்தும் வட்டி, பத்திரம் ஈட்டும் வட்டியினும் குறைந்திருக்கும் வரையில் இவ்வேற்பாடு பொன்முட்டையிடும் வாத்தாகும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வட்டி விகிதம் இறங்குமுகமாகவே இருந்தது.

நம் கட்டுரைக்கு உயிரான எண்ணிக்கை 20.6 பில்லியன் அன்று. 35 விழுக்காடு என்பதே. 1994–95ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஆரஞ்சு கவுண்டி தன் பொது நிதி வருவாயில் 35 விழுக்காட்டை வட்டியிலிருந்து எதிர்பார்த்தது. மாநிலத்தின் பிற கவுண்டிகளில் அப்பங்கு 3 விழுக்காட்டளவே. ஓர் அரசு தன் அன்றாடச் செலவில் மூன்றிலொரு பங்கைச் சந்தையின் போக்கை நம்பி நடத்தத் திட்டமிட்டது. ஐவர் மன்றம் அதற்கு இசைந்தது. அத்தீர்மானத்தைக் கருவூலர் ஒருவரின் குற்றமாகக் கொள்ள இயலாது. 1994 கோடையில் 600 மில்லியன் டாலர் கடன்பத்திரம் வெளியிட்டு, அப்பணத்தையும் இக்கூட்டு நிதியிலேயே கவுண்டி இட்டது. பள்ளி வட்டாரங்கள் சிலவும் கடன் வாங்கியே முதலிட்டன.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. 1994 ஜூன் தேர்தலில் சிட்ரனை எதிர்த்து நின்ற கணக்காளர் ஜான் மூர்லாக் இம்முதலீடுகளின் ஆபத்தை எடுத்துரைத்தார். வாக்காளர் அவரைத் தோற்கடித்தனர். வரியின்றிப் பணி கிடைத்துக்கொண்டிருந்த வேளையில் அவருக்குச் செவிசாய்ப்பார் யார்?

1994: வட்டி ஏற்றமும் வீழ்ச்சியும்

அமெரிக்க மத்திய வங்கி 1994 பிப்ரவரி தொடங்கி நவம்பர் வரை ஆறு முறை வட்டியை உயர்த்தியது. 3 விழுக்காடாயிருந்த குறுகிய கால வட்டி 5.5 விழுக்காடாயிற்று. பத்திரங்களின் விலை வீழ்ந்தது. கடன் கொடுத்தோர் கூடுதல் ஈடு கேட்டனர், கையிருப்புக் கரைந்தது. டிசம்பர் முதல் நாள் ஏறத்தாழ 1.5 பில்லியன் டாலர் இழப்பைக் கவுண்டி அறிவித்தது. 4ஆம் நாள் சிட்ரன் பதவி விலகினார். 6ஆம் நாள், கடன் கொடுத்தோர் ஈட்டுப் பத்திரங்களை விற்கத் தொடங்கிய நிலையில், திவால் சட்டத்தின் 9ஆம் அத்தியாயத்தைக் கவுண்டி நாடியது. உள்ளாட்சிகளுக்கென 1930களின் பெருமந்தக் காலத்தில் இயற்றப்பட்ட விதிகளின் வழிவந்தது அவ்வத்தியாயம். அதன்படி அரசைக் கலைத்துச் சொத்தை விற்கவோ, வரியை உயர்த்துமாறு பணிக்கவோ நீதிமன்றத்திற்கு அதிகாரமில்லை. கடன்காரர்களைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மட்டும் உண்டு. அவ்வாற்றலும் இங்குப் பயன்படவில்லை. ஈட்டுப் பத்திரங்களை வைத்திருந்தோர்க்குச் சட்டத்தில் விலக்கு இருந்தமையால் அவர்கள் தொடர்ந்து விற்றனர்.

சிட்ரன் 1995 ஏப்ரலில் ஆறு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். பிற அமைப்புகளுக்குச் சேரவேண்டிய வட்டியைக் கவுண்டியின் கணக்கிற்குத் திருப்பியது அவற்றுள் ஒன்று. தமக்கென அவர் ஒரு காசும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வட்டி விகிதத்தின் போக்கை அறிய அவர் சோதிடக் குறிப்புகளை நாடினார் என்பது விசாரணையில் வெளிப்பட்டபோது ஊடகங்கள் எள்ளி நகையாடின. நல்ல நாள் பார்த்துக் கடை திறக்கும் நம்மவர்க்கு அது அத்துணை விந்தையாய்த் தோன்றாது. சோதிடத்தை நம்பிய கருவூலரை நம்பி வரவுசெலவுத் திட்டம் வகுத்த மன்றமே நமக்கு விந்தையாகப் படுகிறது.

நோபெல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் மெர்ட்டன் மில்லர், கவுண்டி உண்மையில் திவாலாகவே இல்லை என வாதிட்டார். வைப்புத்தொகையினும் குறைவாயினும் பத்திரங்களுக்குப் பல பில்லியன் நிகர மதிப்பு எஞ்சியிருந்தது. 1995இல் வட்டி மீண்டும் இறங்கியது. அவசரப்பட்டு விற்றிராவிடில் இழப்பின் பெரும்பகுதி மீண்டிருக்கும் என்பது இத்தரப்பின் வாதம். கணக்களவில் இதனை மறுப்பது எளிதன்று. எனினும் அடுத்த வாரச் சம்பளம் கொடுக்க வேண்டிய பள்ளி வட்டாரத்தின் பணத்தை வைத்துக்கொண்டு வட்டி இறங்கும் நாளுக்காகக் காத்திருக்கும் உரிமை எவருக்கும் இருந்ததாக நாம் கருதவில்லை. பொதுப்பணத்தின் இழப்பை இறுதி இருப்பால் மட்டும் அளக்கும் அறிஞர்கள், அப்பணத்திற்குத் தவணை நாள் உண்டென்பதைச் சிறிதே மறந்துவிடுகின்றனர்.

இழப்பை ஏற்றவர்கள்

அடுத்த வினா, இழப்பை யார் தாங்குவது என்பதாகும். நேரிய வழியொன்று மக்கள்முன் வைக்கப்பட்டது. விற்பனை வரியைப் பத்தாண்டுகளுக்கு அரை விழுக்காடு உயர்த்தும் ‘ஆர்’ முன்மொழிவு 1995 ஜூன் 27இல் வாக்கெடுப்புக்கு வந்தது. 61 விழுக்காட்டினர் அதனை மறுத்தனர். தாம் செய்யாத பிழைக்குத் தாம் ஏன் தண்டம் கட்டவேண்டும் என்பது அவர்களின் வாதம். அதில் நியாயம் இருந்தது, மறதியும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வட்டிப் பணத்தால் நடந்த பணிகளைத் துய்த்தவர்களும் அவர்களே.

ஆகவே கடன் வேறு வழிகளில் பங்கிடப்பட்டது. கூட்டு நிதியில் பணமிட்ட பள்ளிகளுக்கு டாலருக்கு 90 காசும், நகரங்கள் முதலான பிறவற்றுக்கு 80 காசும் என உடன்பாடு ஏற்பட்டது. இதில் ஒரு பகுதி பின்னாளில் தருவதாகிய உறுதிச்சீட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிப் பணியிடங்கள் நீக்கப்பட்டன. நலத்துறையிலும் மருத்துவத் துறையிலும் விழுந்த வெட்டு ஏழையரையே மிகுதியாகத் தாக்கியது. பொதுப் போக்குவரத்துக்குரிய விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்கு 38 மில்லியன் டாலர் கவுண்டியின் பக்கம் திருப்பப்பட்டது. பேருந்தை நம்பி வேலைக்குச் செல்வோர் யாவர் என்பதை அக்கவுண்டியின் தலைநகராகிய சாண்டா அனாவை அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே கடற்கரைக் குன்றுகளில் வாழ்ந்த வீட்டுரிமையாளர்கள் திவாலைச் செய்தித்தாளில் படித்ததோடு சரி.

1996 ஜூனில் 880 மில்லியன் டாலர் கடன்பத்திரங்களை வெளியிட்டுக் கவுண்டி திவாலினின்று வெளிவந்தது. கடனால் வந்த நோய்க்குக் கடனே மருந்தாயிற்று. பத்திர விற்பனையில் முதன்மைத் தரகராயிருந்த மெரில் லிஞ்சு நிறுவனம் 1998இல் 400 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இவ்வகை ஈட்டுக் கடனுக்கு உச்சவரம்பும் கருவூல மேற்பார்வைக் குழுவும் மாநிலச் சட்டத்தில் இடம்பெற்றன. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கலிபோர்னியப் பொருளாதாரம் மீண்டது. வளர்ச்சியே தவணைகளை எளிதாக்கிற்று. திவாலின் கடைசித் தவணை 2017இல் செலுத்தப்பட்டது. 1994இல் பள்ளியில் சேர்ந்த குழந்தை அதற்குள் வேலைக்கே போயிருக்கும்.

சாக்கடைக் கடன்: ஓர் ஒப்பீடு

ஆரஞ்சு கவுண்டி வரி கேட்கவியலாமல் வட்டியை நாடியது. செலவே தலைக்குமேல் சென்றுவிட்ட கவுண்டி என்ன செய்யும் என்பதை அறிய அலபாமா மாநிலத்தின் ஜெபர்சன் கவுண்டியை நோக்கலாம். பர்மிங்ஹம் நகரம் அதன் தலைமையிடம். ககாபா, பிளாக் வாரியர் ஆறுகளில் கழிவுநீர் கலப்பதை நிறுத்த 1996இல் அக்கவுண்டி நீதிமன்ற உடன்பாட்டுக்கு வந்தது. செய்யவேண்டிய பணிதான். ஆனால் கழிவுநீர்க் குழாய்களுக்கென வாங்கிய கடன் 3 பில்லியன் டாலரைத் தாண்டிற்று. 2002, 2003ஆம் ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி மாறும் வட்டிக்கும் வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களுக்கும் மாற்றப்பட்டது. தவணை அப்போதைக்குக் குறைந்தது. 2008 நிதி நெருக்கடியில் அக்கட்டமைப்பு சரிந்தது. இங்கே கையூட்டும் இருந்தது. கவுண்டி ஆணையத்தின் தலைவராயிருந்த லாரி லாங்ஃபோர்ட் 2009இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2010இல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஜேபி மோர்கன் நிறுவனம் 75 மில்லியன் டாலர் செலுத்தி, 647 மில்லியன் டாலர் ஒப்பந்தக் கட்டணத்தையும் கைவிட நேர்ந்தது. 2011 நவம்பரில் நாலு பில்லியன் டாலருக்கு மேற்பட்ட கடனோடு அக்கவுண்டி திவாலாயிற்று. 2013இல் டெட்ராய்ட் நகரம் முந்தும் வரையில் அதுவே அமெரிக்க உள்ளாட்சித் திவால்களுள் பெரியது.

ஜெபர்சனில் கடன்காரர்களும் ஒரு பில்லியனுக்கு மேல் விட்டுக்கொடுத்தனர். எஞ்சியது 2053 வரை நீளும் தவணைகளாயிற்று. அதற்காகக் கழிவுநீர்க் கட்டணம் நான்கு ஆண்டுகளுக்கு 7.41 விழுக்காடும், பின்னர் ஆண்டுதோறும் 3.49 விழுக்காடும் உயருமென 2013ஆம் ஆண்டுத் திட்டம் வகுத்தது. வீட்டு மதிப்பைப் பாராது நீர்ப் பயன்பாட்டைப் பார்க்கும் கட்டணம் அது. பெயர் கட்டணம், சுமையோ வரியினும் கொடிது. இதற்கும் எவரும் வாக்களிக்கவில்லை.

மீண்டும் ஆரஞ்சு கவுண்டி

வாக்காளரைக் கேளாமல் பொறுப்பேற்கும் வழக்கம் ஆரஞ்சு கவுண்டியில் திவாலோடு முடிந்துவிடவில்லை. பங்குச்சந்தை உயர்ந்திருந்த வேளையில், 2001இல், காவல்துறையினர்க்கு 50 வயதிலேயே ஆண்டொன்றுக்குச் சம்பளத்தில் 3 விழுக்காடு எனக் கணக்கிடும் ஓய்வூதியத்தை மன்றம் வழங்கியது. கடந்த பணியாண்டுகளுக்கும் அது பொருந்தும் என்றது. ஓய்வூதிய நிதியின் முதலீட்டு வருவாயே செலவைத் தாங்கும் என்ற நம்பிக்கை அதற்குத் துணையாய் இருந்தது. வட்டியின்மேல் வைத்த அதே நம்பிக்கை, இம்முறை பங்குகளின்மேல்.

1994இல் எச்சரித்துத் தோற்ற ஜான் மூர்லாக், 1995இல் கருவூலராக அமர்த்தப்பெற்று, 2006இல் மேற்பார்வையாளர் மன்றத்திற்குத் தேர்வு பெற்றிருந்தார். அவர் முயற்சியால், கடந்த ஆண்டுகளுக்கு அளித்த உயர்வு செல்லாது எனக் கவுண்டி 2008இல் வழக்குத் தொடுத்தது. வாக்காளர் ஒப்புதலின்றி ஆண்டு வருவாய்க்கு மேற்பட்ட கடனை உள்ளாட்சி ஏற்கலாகாது என்னும் கலிபோர்னிய அரசமைப்பு விதியே அவ்வழக்கின் அடிப்படை. 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டியின் வாதத்தைத் தள்ளுபடி செய்தது. நிதி ஒதுக்கப்படாத ஓய்வூதியப் பொறுப்பு கணக்காளரின் மதிப்பீடே. அரசமைப்பு கருதும் பொருளில் அது கடனன்று என்பது தீர்ப்பு.